உரைத்துக் கற்றல்: தரவுத்தள நிர்வாகிகளின் கூட்டுக்கல்வி

13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், அந்நூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கனின் கல்வி நிரம்பும் வகையை ஒரு கணக்காகச் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு பொருந்த மனத்தில் வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். அதே துறையில் ஈடுபட்டுள்ளாரோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால் பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப் பங்கும் அவன் கற்றதைப் பிறருக்குத் திருத்தமாக எடுத்துரைக்கும்போதே வந்து சேரும்.

தமிழாசிரியர்கள் இக்கணக்கை நன்கறிவார்கள். மேடைகளில் இதனைப் பாராட்டிப் பேசுவதும் உண்டு. ஆயினும், ஒரு துறையினர் உண்மையாகவே இப்படிக் கற்றால் என்ன நிகழும் என்று ஆராய்ந்து பார்ப்பது அரிது. அத்தகைய துறை ஒன்று நம் காலத்தில் இருக்கிறது. தரவுத்தள நிர்வாகம் என்பது அதன் பெயர். அத்துறையினர் கடந்த சில பத்தாண்டுகளில் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்ற வரலாறு, பவணந்தியாரின் கணக்குக்கு நல்ல விளக்கமாக அமைகிறது. அதனோடு ஒரு கடினமான கேள்வியையும் அது எழுப்புகிறது. அறிவைக் கைமாற்றும் கூட்டம் பிழையையும் அதே எளிமையோடு கைமாற்றுமே, அதனை எவ்வாறு தடுப்பது? இவ்வுரை அக்கேள்வியைப் பற்றியது.

தனித்து நிற்கும் பணி

ஒரு வங்கியின் கணக்குகள், மருத்துவமனையின் நோயாளர் குறிப்புகள், பள்ளிகளின் தேர்வு மதிப்பெண்கள் ஆகியவை இன்று தரவுத்தளங்களில் சேமிக்கப்படுகின்றன. அவற்றைக் காப்பவரே தரவுத்தள நிர்வாகி. காப்புப்படி எடுத்தல், உரியவருக்கு மட்டும் அனுமதி அளித்தல், வேகம் குறையும்போது காரணம் காணுதல், பழுது நேர்ந்தால் இழந்ததை மீட்டல் என்பன அவருடைய கடமைகள். எல்லாம் செம்மையாக நடக்கும்போது அவர் ஒருவர் இருப்பதே பிறர் நினைவுக்கு வராது.

இப்பணியின் கடினம் தரவுத்தளத்தின் இயல்பிலேயே அமைந்துள்ளது. 1970ஆம் ஆண்டில், ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளரான எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாகவும் அவற்றுக்கிடையேயான உறவுகளாகவும் அமைக்கும் கொள்கையை வெளியிட்டார். அக்கொள்கைவழி வந்த தரவுத்தளத்தில், பயனர் தமக்கு வேண்டியது எது என்று மட்டும் சொன்னால் போதும். அதனை எந்த வழியில் தேடி எடுப்பது என்பதை மென்பொருளே முடிவு செய்யும். இன்று ஆரக்கிள் எனப்படும் நிறுவனம் 1979ஆம் ஆண்டிலேயே இத்தகைய தரவுத்தளம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

தேடும் வழியை மென்பொருளிடம் விட்டுவிடுவது பயனருக்குப் பெரும் வசதி. நிர்வாகிக்கோ அதுவே சிக்கலாக முடிகிறது. நேற்று ஒரு நொடியில் வந்த விடை இன்று பத்து நிமிடம் ஆகிறது என்றால், மென்பொருள் உள்ளே எந்த வழியைத் தேர்ந்தது, ஏன் தேர்ந்தது என்பதை அவர் ஊகித்து ஆராய வேண்டியுள்ளது. பாடநூல் பொதுவிதிகளைச் சொல்லும். அவர் எதிர்கொள்ளும் சிக்கலோ தரவின் அளவு, மென்பொருளின் பதிப்பு, அன்றைய பணிச்சுமை ஆகிய மூன்றும் கூடிய ஒரு தனி நிலைமை. பல அலுவலகங்களில் இப்பணிக்கு ஓரிருவரே இருப்பர். ஆகவே, பவணந்தியார் குறிப்பிட்ட உடன்பயில்வோர் அவருக்கு அடுத்த மேசையில் இல்லை. வேறு நிறுவனத்தில், வேறு நாட்டில், அதே சிக்கலோடு போராடிக்கொண்டிருக்கும் முன்பின் அறியாத ஒருவரே அவருடைய உடன்மாணாக்கர். அவ்விருவரும் சந்திக்கும் இடமாக எழுத்து அமைந்தது.

அனைவரும் நம்பிய ஓர் எண்

எழுத்தின்வழி அறிவு பரவிய அதே வேகத்தில் பிழையும் பரவியதற்கு 1990களின் ஆரக்கிள் நிர்வாகிகளிடையே ஒரு தெளிவான சான்று உண்டு.

கணினி, தரவைப் படிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று நினைவகம், அங்கிருந்து படிப்பது விரைவு. மற்றொன்று வட்டு, அங்கிருந்து படிப்பது தாமதம். நூலகரின் மேசைமேல் உள்ள நூல்களையும் உள்ளறையில் அடுக்கிய நூல்களையும் இவற்றுக்கு ஒப்பிடலாம். நூறு முறை நூல் கேட்கப்பட்டு, தொண்ணூறு முறை மேசையிலிருந்தே எடுத்துத் தரப்பட்டால் அவ்விகிதம் 90 விழுக்காடு. தரவுத்தளத்திலும் இவ்வாறே நினைவகத்தில் கிடைத்த விகிதம் கணக்கிடப்பட்டது. அது 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தரவுத்தளம் நலமாக உள்ளது என்றும், குறைந்தால் நினைவகத்தைப் பெருக்க வேண்டும் என்றும் ஒரு விதி வழங்கியது. கையேடுகள் அதனை எழுதின. பயிற்சி வகுப்புகள் அதனைக் கற்பித்தன. மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக் கொடுத்தனர். கேட்பதற்கு அது முற்றிலும் அறிவுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

ஆனால் மேசையைப் பார்த்த கண், நூல் கேட்பவரைப் பார்க்கவில்லை. ஒருவர் ஒரே நூலை ஆயிரம் முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு வரி மட்டும் படித்துத் திருப்பித் தருகிறார் என்று கொள்வோம். நூல் எப்போதும் மேசையிலேயே இருப்பதால் விகிதம் ஏறத்தாழ 100 விழுக்காட்டைத் தொடும். நூலகரோ களைத்துப்போவார், வரிசையில் நிற்கும் மற்றவர்கள் காத்துக்கிடப்பார்கள்.

இதனை எண்களால் காட்டலாம். பிழையாக எழுதப்பட்ட ஒரு வினவல் 100,000 முறை தரவைப் படிக்கிறது. அவற்றுள் 99,000 முறை நினைவகத்திலிருந்தும் 1,000 முறை வட்டிலிருந்தும் படிக்கிறது எனக் கொள்வோம். விகிதம் 99 விழுக்காடு. இப்போது ஒருவர் அவ்வினவலைத் திருத்தி எழுதுகிறார். 2,000 முறை படித்தாலே விடை கிடைத்துவிடுகிறது. அவற்றுள் 1,000 நினைவகத்திலிருந்து, 1,000 வட்டிலிருந்து. விகிதம் 50 விழுக்காடாகச் சரிந்துவிட்டது. ஆயினும், வட்டின் வேலை முன்போலவே இருக்க, நினைவகத்தின் வேலை 99இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. பழைய விதியை நம்பியவர், செம்மைப்பட்ட தரவுத்தளத்தை நோயுற்றதென்றும், நோயுற்றதை நலமுடையதென்றும் தீர்மானிப்பார். தேவையில்லாத நினைவகம் வாங்கப் பணம் செலவாகும். பயனரின் காத்திருப்போ அப்படியே இருக்கும்.

பிழை நீங்கிய வகை

இவ்வெண்ணத்தை மாற்றியது மேலிடத்துக் கட்டளை எதுவுமன்று. நிர்வாகிகளும் ஆய்வாளர்களுமான சிலர் ஒருவருக்கொருவர் எழுதியும் வாதிட்டும் அதனைச் செய்தனர்.

ஆரக்கிளின் ஏழாம் பதிப்பில், ஒவ்வொரு பணியும் எதற்காகக் காத்திருந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைப் பதிவு செய்யும் வசதி அமைந்திருந்தது. அப்பதிவுகளின் பொருள் பலருக்கு விளங்கவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆன்யோ கோல்க் அவற்றை விளக்கி எழுதினார். 1999ஆம் ஆண்டில் அவரும் அவர் உடன்பணியாளர் இருவரும் வெளியிட்ட கட்டுரையின் மையக் கருத்து மிக எளியது: ஒரு பணிக்கு ஆகும் மொத்த நேரம் என்பது, வேலை செய்த நேரமும் காத்திருந்த நேரமும் சேர்ந்தது. விகிதங்களை விட்டுவிட்டு, பயனரின் நேரம் எங்கே செலவாகிறது என்று கேட்கும் வழியை அது காட்டியது. அமெரிக்காவின் கேரி மில்சாப், 99 விழுக்காட்டு விகிதம் ஏன் நன்மையின் அடையாளம் ஆகாது என்று தனிக்கட்டுரை எழுதினார். 2003ஆம் ஆண்டில் ஜெஃப் ஹோல்ட்டுடன் இணைந்து அவர் எழுதிய நூல், நேரத்தை அளந்து காரணம் காணும் முறையை முழுமையாக விளக்கியது.

இவர்களுள் ஆஸ்திரேலியாவின் கானர் மெக்டானல்டு செய்தது தனித்துச் சொல்லத்தக்கது. அவர் ஒரு சிறு நிரல் எழுதினார். உங்களுக்கு எத்தனை விழுக்காடு வேண்டும் என்று அந்நிரலிடம் சொன்னால், அது பயனற்ற வகையில் தரவை மீண்டும் மீண்டும் படித்து, கேட்ட விகிதத்தை உண்டாக்கிக் காட்டும். தரவுத்தளத்தின் நலம் எள்ளளவும் கூடாது. எண் மட்டும் உயரும். நீண்ட வாதத்தால் நம்பாதவரும் அந்நிரலைத் தம் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சில நிமிடங்களில் உண்மையைத் தெரிந்துகொள்ள முடிந்தது.

இத்தகையோர் பலர் டென்மார்க்கில் மோகன்ஸ் நோர்கோர் என்பவரின் இல்லத்தில் கூடுவது வழக்கம். அங்கிருந்த ஓக் மர மேசையைச் சுற்றி அமர்ந்து ஒருவர் கூற்றை ஒருவர் மறுத்தும் தெளிந்தும் வந்தனர். 2002ஆம் ஆண்டில் உருவான அவர்களுடைய அமைப்பு அம்மேசையின் பெயரையே தாங்கி, ‘ஓக் டேபிள்’ எனப்பட்டது.

சோதித்துப் பார்க்கத் தரும் எழுத்து

பழைய விதியைப் பரப்பியவர்களும் எழுதினர். அதனை நீக்கியவர்களும் எழுதினர். வேறுபாடு எங்கே இருந்தது? முன்னவர் முடிவை மட்டும் கொடுத்தனர். பின்னவர் முடிவோடு, அதனைச் சோதித்துப் பார்க்கும் வழியையும் கொடுத்தனர்.

ஆரக்கிள் நிறுவனத்தின் டாம் கைட், அந்நிறுவனத்தின் இதழில் 2000ஆம் ஆண்டு முதல் வினா-விடைப் பகுதி எழுதிவந்தார். வினா எழுப்புவோரிடம் அவர் வற்புறுத்தியது, சிக்கலைக் காட்டும் மிகச் சிறிய சோதனையையும் உடன் அனுப்புக என்பதே. தம் விடைகளையும் அவ்வாறே அமைத்தார்: அட்டவணையை உருவாக்கும் கட்டளை, அதில் தரவு நிரப்பும் கட்டளை, வினவல், கிடைத்த விளைவு என ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் தரப்பட்டிருக்கும். வினவலுக்கு மென்பொருள் எவ்வாறு வழி தேர்கிறது என்பதைப் பற்றி 2005ஆம் ஆண்டில் நூல் எழுதிய இங்கிலாந்தின் ஜோனதன் லூயிசும் இம்முறையையே கைக்கொண்டார்.

இம்முறையில் அமைந்த எழுத்துக்குச் சில இயல்புகள் உண்டு. முதலாவது, எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது என்பதை அது சொல்லும். மென்பொருள் மாறிக்கொண்டே இருப்பதால், ஒரு பதிப்பில் மெய்யாக இருந்தது அடுத்த பதிப்பில் பொய்யாகலாம். இரண்டாவது, படிப்பவர் தாமே செய்து பார்க்கும் அளவுக்குப் படிகளை விடாமல் தரும். மூன்றாவது, கண்டது எது, கண்டதிலிருந்து ஊகித்தது எது என்று பிரித்துக் காட்டும். நான்காவது, முடிவு எந்நிலையில் பொருந்தாது என்பதையும் கூறும். இந்நான்கும் இருக்குமாயின், எழுதியவர் பிழைபட்டிருந்தாலும் படிப்பவர் அப்பிழையைக் கண்டுபிடித்துவிடலாம்.

எழுதுபவருக்கு இதனால் விளையும் பயனும் பெரிது. தம் சிக்கலைப் பிறர் செய்து பார்க்கத்தக்க சிறு சோதனையாகச் சுருக்க முற்படும்போது, அவர் தேவையற்றவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டியுள்ளது. இந்த அட்டவணை இல்லாமலும் சிக்கல் தோன்றுகிறதா? இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இவ்வாறு நீக்கிக்கொண்டே வரும்போது, வினாவை எழுதி முடிப்பதற்கு முன்பே விடை கைக்கு வந்துவிடுவதும் உண்டு. எடுத்துரைப்பதால் வருவது அரைப் பங்கு என்று நன்னூல் சொன்னதன் உட்பொருள் இங்கே தெளிவாகிறது.

தவறியதையும் எழுதிய ஒரு நிகழ்ச்சி

வெற்றியை எழுதுவது எளிது. தோல்வியை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். அதனைத் தாங்கும் பணிச்சூழலும் வேண்டும். 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் கிட்லேப் நிறுவனத்தில் நிகழ்ந்தது இதற்கு எடுத்துக்காட்டு. மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்துக் கூடிப் பணிபுரிய உதவுவது அந்நிறுவனத்தின் சேவை.

அங்கே முதன்மைத் தரவுத்தளம் ஒன்றும், அதன் நகலாகிய துணைத் தரவுத்தளம் ஒன்றும் இருந்தன. பணிச்சுமை மிகுந்த அன்றிரவு, துணைத்தளம் முதன்மைத்தளத்தோடு ஒத்துச் செல்லத் தவறியது. அதனைப் புதிதாக அமைக்க எண்ணிய பொறியாளர் ஒருவர், துணைத்தளத்தின் தரவுகளை அழிக்கும் கட்டளையைத் தவறுதலாக முதன்மைத்தளத்தில் இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் அதனை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 கிகாபைட் தரவு அழிந்து, ஏறத்தாழ 4.5 கிகாபைட் மட்டுமே எஞ்சியது.

காப்புப்படியிலிருந்து மீட்கலாம் என்று தேடியபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. நாள்தோறும் காப்புப்படி எடுக்க வேண்டிய நிரல், தரவுத்தள மென்பொருளின் பதிப்போடு பொருந்தாத பதிப்பில் இயங்கியதால் நெடுநாளாகத் தோல்வியுற்று வந்தது. அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களை மின்னஞ்சல் அமைப்பே ஏற்க மறுத்திருந்தது. இறுதியில் உதவியது, வேறொரு சோதனைக்காக ஒருவர் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த படி ஒன்றே. அதனைக் கொண்டு மறுநாள் சேவை மீண்டது. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவானவை மீளவில்லை. சுமார் 5,000 திட்டப்பணிகளின் பதிவுகளும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் இழப்புக்குள்ளாகியிருக்கலாம் என்று நிறுவனம் மதிப்பிட்டது.

நிறுவனம் இதனை மறைக்கவில்லை. மீட்புப்பணி நடக்கும்போதே அதன் குறிப்புகளை அனைவரும் படிக்கத் திறந்துவைத்தது; பணியை நேரலையாகவும் காட்டியது. சில நாள்களில் விரிவான அறிக்கையும் வெளியிட்டது. கட்டளையிட்ட பொறியாளரின் பெயரைச் சொல்லி அவர்மேல் பழி சுமத்தவில்லை. ஒருவர் கைதவறினால் இவ்வளவும் அழியும் வகையில் ஏற்பாடுகள் ஏன் இருந்தன, காப்புப்படியை மீட்டுப் பார்க்கும் பொறுப்பு ஏன் எவரிடமும் இல்லை என்பவற்றையே அவ்வறிக்கை கேட்டது. மீட்டுப் பார்க்காத காப்புப்படியைக் காப்புப்படி என்று எண்ணக்கூடாது என்னும் விதி, எல்லா நிர்வாகிகளும் முன்பே அறிந்த ஒன்று. ஆனால் அறிந்திருப்பதற்கும் அன்றே எழுந்து தம் காப்புப்படியைச் சோதித்துப் பார்ப்பதற்கும் இடையே தொலைவு உண்டு. நடந்ததை நடந்தபடி, மணிக்கணக்கோடு எழுதிய ஓர் அறிக்கையே ஒருவரை அத்தொலைவைக் கடக்கச் செய்யும்.

நம் வகுப்பறைக்கு

தமிழ் மரபுக்கு இம்முறை புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை வகுத்த சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என மதிப்போடு சுட்டுவார். அவர் கருத்தை ஏற்க இயலாத இடத்தில் காரணம் காட்டி மறுக்கவும் செய்வார். மறுப்பு முன்னவர்க்கு இழுக்காகக் கருதப்படவில்லை. உரைக்கு மேல் உரை எழுந்து, ஒவ்வொன்றும் முன்னதன் சான்றுகளை எடுத்துப் பார்த்ததனாலேயே அந்நூலைப் பற்றிய நம் அறிவு வளர்ந்தது.

இன்றைய வகுப்பறையில் குழுவாகக் கற்றலும் மாணவர் மாணவர்க்குக் கற்பித்தலும் ஊக்குவிக்கப்படுகின்றன. அவற்றில் ஒரு குறை நேர வாய்ப்புண்டு. மாணவர் தாம் கண்டெடுத்த முடிவைத் தோழர்க்குச் சொல்கின்றனர். தோழர் அதனைக் குறித்துக்கொள்கின்றனர். சொன்னது சரியா என்று பார்க்கும் வழி இருவரிடமும் இல்லை. 90 விழுக்காட்டு விதி இவ்வாறுதான் பரவியது. நல்லெண்ணம் உடையவர்களே அதனைப் பரப்பினர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே ஆசிரியர்கள் ஒரு சிறு பயிற்சியை மேற்கொள்ளலாம். மாணவர் ஒருவர் ஒன்றை விளக்கும்போது, கேட்பவர் தாமே செய்து பார்க்கும் வகையில் விளக்குமாறு பணிக்கலாம். வல்லினம் மிகும் இடம் பற்றிய விதியாயின், அவ்விதி பொருந்தும் தொடர்கள் ஐந்தையும் பொருந்தாத தொடர் ஒன்றையும் அவரே திரட்டித் தரட்டும். அறிவியல் செய்முறையாயின், அளவுகளையும் தாம் தவறிய இடத்தையும் எழுதட்டும். அடுத்த மாணவர் அதனைப் பார்த்துச் செய்து, விளைவு ஒத்ததா என்று கீழே குறிக்கட்டும். ஒவ்வாதபோது எவரும் நாணத் தேவையில்லை. எங்கே வேறுபட்டது என்று இருவரும் சேர்ந்து தேடும் அந்நேரத்தில்தான் இருவரும் கற்கின்றனர்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்களுள் சிலர் நாளை கணினித்துறைக்குச் செல்வீர்கள். நள்ளிரவில் பழுதான ஒரு தரவுத்தளத்தின் முன் தனித்து அமர்ந்திருக்கும்போது, எங்கோ ஒருவர் முன்பே எழுதி வைத்த குறிப்பு உங்களுக்குக் கைகொடுக்கும். அதனை அப்படியே நம்பி முதன்மைத்தளத்தில் இடாதீர்கள். முதலில் வேறொரு சோதனைத்தளத்தில் இட்டுப் பாருங்கள். பொழுது விடிந்து பழுது நீங்கியதும், நீங்கள் செய்ததைப் பதிப்பு எண்ணோடும், படிகளோடும், செய்த தவற்றோடும் எழுதி வையுங்கள். அடுத்து வருபவருக்கு அது வேண்டியிருக்கும்.